பையில் சாவி இல்லாதவள்

1

போன மாதம் ஊருக்கு ஒரு போட்டோ அனுப்பினேன். அது இப்படி ஒரு கூத்தைக் கிளப்பும் என்று தெரிந்திருந்தால் அனுப்பியிருக்கவே மாட்டேன். ஆற்றங்கரையில் சில பேர் நிற்கிறோம். எல்லாரும் வெள்ளைக்காரர்கள். நடுவில் நான் கறுப்பு டிராக் பேண்ட்டும் கம்பளிக் குல்லாவுமாக, மூக்கு சிவந்து, வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். ஓடி முடித்த கையோடு எடுத்த படம்.

ஓசூருக்கு போன் போட்டதும் அக்கா எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி சுசீலா, உனக்கு என்ன வயசாவுது? மாப்ளை வேலையில்லாம வூட்ல இருக்காரு. வயசுக்கு வந்த பொண்ணு இருக்குது. நீ பேண்ட்டு மாட்டிகிட்டு வெள்ளைக்காரங்களோட ஓடறியா? படத்தப் பாத்தவங்க எல்லாம் கேக்கறாங்க, உன் தங்கச்சிக்கு என்னாச்சுன்னு."

"எனக்கு ஒண்ணும் ஆவலக்கா. நல்லா இருக்கறதுக்குத்தான் ஓடறேன்."

"நல்லா இருக்கறவ எதுக்குடி ஓடறா?"

அதற்குள் போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வெளிநாட்டுக்குப் போனவர்கள் வீட்டில் பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைக்கிற நம் பக்கத்து ஜனங்கள் நாலு பேர் படித்தால் இன்னும் நல்லது.

2

நாங்கள் இருப்பது நியூஸிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊர். ஊர் நடுவில் பெரிய ஆறு. குளிர்காலம் வந்தால் விடிந்தும் வெகுநேரத்துக்கு எதிரே வருகிற ஆள் தெரியாத அளவுக்குப் பனி. வந்த புதிதில் "மார்கழி மாசத்து ஓசூர் மாதிரியே இருக்குங்க" என்று இவரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். இங்கே மார்கழி வெயிலில் வருகிறது, ஆடியில்தான் பனி. எல்லாமே தலைகீழ்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் செல்வராஜ். கிருஷ்ணகிரி பாலிடெக்னிக்கில் படித்தவர். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டூல் ரூம் இன்ஸ்பெக்ஷன். தலைமுடி அளவுக்கு வித்தியாசம் இருந்தாலும் பீஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார், மேலே யார் வந்து கேட்டாலும் மசிய மாட்டார். வீட்டிலும் அப்படித்தான். பாத்திரம் கவிழ்த்தது சரியில்லை, கதவு சாத்தினது சரியில்லை என்று நாள் முழுக்க வாய் ஓயாது. எங்கள் கல்யாணத்தில் நாதஸ்வரம் வாசித்தவருக்கே ஏதோ திருத்தம் சொன்ன மனுஷன்.

எங்கள் படிப்பையும் அனுபவத்தையும் பார்த்து மார்க் போட்டு, வாங்க வாங்க என்று கூப்பிட்ட தேசம் இது. வந்து இறங்கிய பிறகு, "உங்கள் டிப்ளமோ எங்கள் டிப்ளமோவுக்குச் சமமா என்று பார்க்க வேண்டும், படித்த ஒவ்வொரு பாடத்தின் சிலபஸும் அனுப்புங்கள்" என்றார்கள். அக்கா வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிக்கு நடையாய் நடந்தார். "அந்தக் காலத்து சிலபஸ்ஸ கரையானே தின்னு முடிச்சிட்டு வேற எடம் பாத்துப் போயிருச்சு சார்" என்று அங்கே இருந்த கிளார்க் சிரித்தாராம். எப்படியோ ஒரு கட்டு கிடைத்து அனுப்பினோம். சமம் இல்லை என்று பதில் வந்தது. சரி, ஒர்க்ஷாப்பில் எடுபிடி வேலையாவது கிடைக்குமா என்று போனால், இந்த வேலைக்கு நீங்கள் ரொம்பப் படித்தவர் என்றார்கள். ஆபீஸுக்குப் போனால் படிப்பு போதாது, பட்டறைக்குப் போனால் படிப்பு ஜாஸ்தி. என்ன நியாயம் இது?

எனக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை கிடைத்தது. போர்வையும் கவுனும் மலை மலையாக வரும், ஆவியில் நின்று மடிக்க வேண்டும். நான் வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு இவர் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்துவிட்டார் என்றால் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். திரைச்சீலையை விலக்க மாட்டார், சவரம் கிடையாது. நான் காலையில் வைத்துவிட்டுப் போன காபி டம்ளர் சாயங்காலம் அதே இடத்தில் ஆடை கட்டிக் கிடக்கும். என்னங்க என்றால் ஒன்றுமில்லை என்பார். குறை சொல்வதுகூட நின்றுபோயிற்று. கதவை வேண்டுமென்றே டமால் என்று சாத்திப் பார்த்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க, இவர் "ஃபைன்" என்றார். தூக்கம்? ஃபைன். சாப்பாடு? ஃபைன். டாக்டர் என்னைப் பார்த்தார், நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் தூக்கம் வந்தது, அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பேச்சு வரவில்லை.

எங்கள் மகள் கவிதா சிநேகிதிகளை வீட்டுக்குக் கூட்டி வருவதை நிறுத்திவிட்டாள். அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், பகலில் தூங்குவார் என்று பள்ளியில் சொல்லி வைத்திருக்கிறாள். இங்கே வந்த பிறகு அவளுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டே போகிறது. அப்பாவிடம் பேசினால்தானே அது நாக்கில் நிற்கும்? இருவரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

3

இனி ஓட்டத்துக்கு வருகிறேன். அக்காவுக்கு மறந்திருக்கும், நான் ஓடுவது இது முதல் தடவை இல்லை. எண்பதுகளின் கடைசியில், கல்யாணத்துக்கு முன்னால், ஓசூரில் கைக்கடிகாரம் செய்கிற கம்பெனி ஒன்றில் நான் அசெம்ப்ளியில் இருந்தேன். நாள் முழுக்கக் குனிந்து, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு, எள்ளைவிடச் சின்ன ஸ்க்ரூவை இடுக்கியில் பிடித்து உட்கார்த்த வேண்டும். தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் பெண்கள் வந்திருந்தோம். பாகலூர் ரோட்டில் ஒரு ஹாஸ்டல்.

வருஷாந்திர விளையாட்டு விழாவுக்குப் பெண்களும் ரிலே ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தூத்துக்குடி சலோமி, ஜவளகிரி கஸ்தூரி, இன்னும் ஓரிருவர், நான் எல்லாரும் பேர் கொடுத்தோம். காலை ஷிஃப்ட் பஸ் வருவதற்கு முன்னால், இருட்டு பிரிகிற நேரத்தில், சுடிதாரும் ரப்பர் செருப்புமாகப் பாகலூர் ரோட்டில் ஓடிப் பழக ஆரம்பித்தோம்.

முதல் நாளே ரகளை. கோஸ் தோட்டத்தில் குனிந்து அறுத்துக்கொண்டிருந்த முனியக்கா, பொம்பளைப் பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடி வருவதைப் பார்த்துவிட்டாள். யாரோ துரத்துகிறார்கள் என்று முடிவு கட்டி, "யாக்கம்மா ஓட்தீரா? யாரு? எல்லி?" என்று, ஏன் ஓடுகிறீர்கள், யார், எங்கே என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே, கையில் அரிவாளோடு, எங்களுக்குப் பின்னாலேயே ஓடி வந்தாள். அரிவாளைப் பார்த்து நாங்கள் இன்னும் வேகமாக ஓடினோம். நாங்கள் வேகமாக ஓடுவதைப் பார்த்து அவள் இன்னும் வேகமாக ஓடினாள். கடைசியில் சலோமிதான் நின்று, "யக்கா, ஒருத்தனும் தொரத்தல, நாங்க சும்மாதான் ஓடுதோம்" என்றாள்.

முனியக்கா தமிழுக்கு மாறினாள். "சும்மாவா? சும்மா யாராச்சும் ஓடுவாங்களா? அடிப் பாவிங்களா, என் உசுரே போயிருச்சு." ரோட்டோரத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு எங்களைவிட அதிகமாகச் சிரித்தாள்.

விளையாட்டு விழாவில் கடைசியாக வந்தோம். கட்டையைக் கைமாற்றும்போது நான் கீழே போட்டுவிட்டேன். சரி, தொலைந்தது, இனிமேல் காலையில் தூங்கலாம் என்று படுத்தால் மறுநாள் அந்த நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்தது. பக்கத்துக் கட்டிலில் சலோமியும் விழித்துக் கிடந்தாள். "என்னட்டி, போவமா?" என்றாள். போனோம். அப்புறம் நிறுத்தவே இல்லை.

4

அந்த வருஷம் கஸ்தூரியின் தங்கை பிரசவத்தில் இறந்துபோனாள். காரியம் முடிந்து திரும்பி வந்த கஸ்தூரி எங்களுக்குத் தெரிந்த கஸ்தூரி இல்லை. குளிக்கச் சொன்னால் குளிப்பாள், சொல்லாவிட்டால் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள். வேலையில் கை நடுங்க ஆரம்பித்தது. சூப்பர்வைசர் இரண்டு தடவை பார்த்துவிட்டு வார்டன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குத் தந்தி கொடுத்து வரவழைத்து அனுப்பிவிடலாம் என்று வார்டன் அம்மா முடிவு செய்துவிட்டார்.

ஊருக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். தங்கை புருஷனுக்கே அவளைக் கட்டி வைத்துவிடுவார்கள். கைக்குழந்தையைக் காரணம் காட்டி ஜவளகிரியில் ஏற்கெனவே பேச்சு நடந்துகொண்டிருந்தது. வேலையும் போகும், அவளும் போவாள்.

சலோமி நேராக வார்டன் அம்மாவிடம் போய் ஒரு மாசம் தவணை கேட்டாள். அதோடு இன்னொன்றும் செய்தாள். எங்கள் ஹாஸ்டல் கேட்டுக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுவார்கள். காலையில் ஓடப் போவதற்காக அந்தச் சாவி எங்களிடம்தான் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கஸ்தூரி தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள். "இனிமே சாவி ஒம்பொறுப்பு" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் நாங்கள் எல்லாரும் அவள் கட்டிலைச் சுற்றி நின்றோம். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சாவியை நாங்களே எடுத்திருக்கலாம், கை நீட்டினால் எட்டும். யாரும் எடுக்கவில்லை.

"ஏட்டி கஸ்தூரி, நீ ஓட வேண்டாம். கேட்டத் தொறந்து விட்டுட்டு வந்து படுத்துக்க. எங்களுக்கு நேரமாவுதுல்லா?" என்றாள் சலோமி.

தன்னால் எல்லாருக்கும் நேரமாகிறது என்பதற்காகத்தான் எழுந்தாள். தலைவிரி கோலமாகக் கேட் வரைக்கும் வந்து திறந்தாள். வெளியே போனதும் சலோமி, "திரும்ப வெளியில இருந்து பூட்டணும்லா, இல்லன்னா வார்டன் ஏசும்" என்றாள். கஸ்தூரி வெளியே வந்து பூட்டினாள். பூட்டிவிட்டுச் சாவியோடு நடுரோட்டில் நின்றாள். அவளை நடுவில் போட்டுக்கொண்டு நாங்கள் மெதுவாக ஓட ஆரம்பித்தோம். அவள் நடந்தாள், நாங்களும் நடந்தோம்.

எங்களுக்குள் யாரும் வகுக்காத ஒரு வழக்கம் அது. மனசு சரியில்லாதவள் நடுவில் வருவாள். அவளிடம் எதுவும் கேட்கக் கூடாது. மெஸ் இட்லியைப் பற்றியும் சூப்பர்வைசர் மீசையைப் பற்றியும் இரண்டு பக்கமும் பேச்சு போய்க்கொண்டே இருக்கும். பேச்சு தலைக்கு மேலே போனாலும் போகட்டும். முனியக்கா வரப்பில் நின்று, "இன்னிக்கு யாரும்மா தொரத்தறது?" என்று கேட்பாள். ஆளுக்கொரு பதில் கத்துவோம்.

பல நாள் கழித்து ஒரு காலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கஸ்தூரி தங்கையைப் பற்றிப் பேசினாள். யார் முகத்தையும் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். எதிரே உட்கார்த்தி வைத்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஓடும்போது பக்கத்தில் ஆள் இருக்கும், பார்க்கிற கண் இருக்காது. அழுதால்கூட வேர்வை என்று விட்டுவிடலாம். நாங்கள் விட்டுவிட்டோம். அவள் ஊருக்கு அனுப்பப்படவில்லை. அதே கம்பெனியில்தான் இன்னும் இருக்கிறாள்.

5

இங்கே என்னை ஓடக் கூப்பிட்டது ஜோன், லாண்டரியில் என்னோடு மடிக்கிறவள். பேரன் பேத்தி எடுத்தவள், குதிரை மாதிரி உழைப்பாள். ஆவி அறையில் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை ஆற்றங்கரைக்கு வா என்றாள். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. அந்த ஒன்றுக்காகவே போனேன். நாலு எட்டு ஓடியதும் மூச்சு முட்டியது, ஆனால் பக்கத்தில் மனுஷ மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் வீட்டில் ஒரு மாதிரி லேசாக இருந்தேன். அதன் பிறகு ஒரு சனிக்கிழமையும் விட்டதில்லை.

உன் வீட்டுக்காரரையும் கூட்டி வாயேன் என்றாள் ஒரு நாள். என் இங்கிலீஷ் கம்பெனி இங்கிலீஷ். "ஹி இஸ் மூட் அவுட்" என்றேன். நம் ஊரில் பஸ்ஸைத் தவற விட்டால்கூட மூட் அவுட்தான். இங்கே அப்படிச் சொல்வதில்லை போலிருக்கிறது. ஜோன் மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே கீழே வைத்துவிட்டு, "எத்தனை நாளாக?" என்று கேட்டாள். என்னால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கஸ்தூரி கதையையும் சொன்னேன். சாவி விஷயத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அடுத்த சனிக்கிழமை விடியலில் எங்கள் வாசலில் அவள் கார் வந்து நின்றது. கையில் ஒரு துணிப்பை. இவர் முன்னால் போய் நின்று, "மிஸ்டர் செல்வராஜ், எங்களுக்கு ஒரு உதவி. ஓடும்போது கார் சாவி எல்லாம் பாக்கெட்டில் குத்துகிறது. போன வாரம் ஒருத்தி சாவியை ஆற்றிலேயே போட்டுவிட்டாள். வைத்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும்" என்றாள்.

"நோ, நோ, ஃபைன்" என்றார் இவர்.

"நல்லது" என்று பையை அவர் மடியில் வைத்துவிட்டாள். உள்ளே ஏற்கெனவே, ஆற்றங்கரையில் காரை நிறுத்தியிருந்த நாலு பேருடைய சாவி கிடந்தது. அதை அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்பதற்காகவே இவர் எழுந்து, செருப்பைத் தேடி, வாசல் வரைக்கும் வந்தார். அதற்குள் ஜோன் காரில் ஏறி உட்கார்ந்து பின்கதவைத் திறந்து வைத்திருந்தாள். சலோமியும் இவளும் அக்கா தங்கையாகப் பிறந்திருக்க வேண்டியவர்கள்.

ஆற்றங்கரைக் கார் நிறுத்துமிடத்தில் இவர் பையோடு குறுகிக்கொண்டு நின்றார். நாங்கள் ஓடித் திரும்பியபோதும் அதே இடத்தில் அப்படியேதான் நின்றார். அதற்கடுத்த வாரம் அவரே பையை எடுத்துக்கொண்டார், போகாவிட்டால் அத்தனை பேரும் நிற்பார்களே. மூன்றாவது வாரமோ என்னவோ, ஒவ்வொரு சாவிக்கும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டியிருந்தார். என் தையல் டப்பாவிலிருந்து எடுத்திருக்கிறார். அந்த நூலைப் பார்த்து நான் பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

ஆனால் பேச்சு மட்டும் வரவில்லை. சாவியை வாங்குவார், கொடுப்பார், தேங்க்யூ என்பார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே நாற்காலி. இன்னும் எவ்வளவு நாள், இப்படியே நின்றுவிடுவாரோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இது வரைக்கும் எழுதி வைத்திருந்தேன். மேலே எழுத மனசு வரவில்லை. அக்காவுக்கு நல்ல சேதியாக எதைச் சொல்லி முடிப்பது?

6

போன சனிக்கிழமை பனி என்றால் அப்படி ஒரு பனி. ஆறு இருப்பது சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. ஜோன் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் நாங்கள் இருவரும் நடந்தே ஆற்றங்கரைக்குப் போனோம். எப்போதும் கடைசியில் வருகிற என்னோடு சேர்ந்து ஓடுவது அவள்தான். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் எங்கேயோ நடுவில் வருகிறேன் என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். ஈர இலையில் கால் வழுக்கி, கணுக்கால் மடங்கி, பாதையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. சரி, திரும்பும்போது பார்ப்பார்கள் என்று இருந்தேன். அவர்கள் அன்றைக்குக் குளிருக்குப் பயந்து மேட்டுப் பாதை வழியாகத் திரும்பிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது.

எவ்வளவு நேரமோ. குளிரில் பல் கிட்டியது. அப்போது பனிக்குள் டக் டக்கென்று சத்தம். ஓட்டக்காரர்களின் ஷூ அப்படிச் சத்தம் போடாது, இது ஆபீஸ் ஷூ. ஒரு உருவம் என்னைத் தாண்டி ஓடியது.

"சுசீலா! சுசீ!"

"என்னங்க, இங்க! இங்க இருக்கேன்!"

உருவம் சறுக்கி, நின்று, திரும்பி வந்தது. இவர்தான். ஸ்வெட்டர் பட்டன் எல்லாம் திறந்து, கண்ணாடி முழுக்க நீர் கோத்து, முழங்காலில் கை ஊன்றி வாயால் மூச்சு வாங்கினார். பாலிடெக்னிக்கை விட்ட பிறகு இந்த மனுஷன் ஓடியதே இல்லை.

மூச்சு வந்ததும் ஆரம்பித்தார்.

"அறிவிருக்காடி உனக்கு? இந்தப் பனியில தனியா ஓடுவியா? பை காலியாயிருச்சு. எல்லாரும் சாவிய வாங்கிகிட்டுப் போயிட்டாங்க. சரி, எல்லாரும் வந்தாச்சுன்னு நான் பைய மடிச்சிட்டேன். மடிச்ச அப்புறந்தான் பாக்கறேன், நீ இல்ல. நமக்குத்தான் காரே இல்லியே, உன் சாவி எப்பிடி அதுல இருக்கும்? அது ஒருத்தருக்காச்சும் தோணுச்சா? எனக்கே தோணலியேடி! இத்தன வருஷம் இன்ஸ்பெக்ஷன் பாத்து என்ன பிரயோஜனம்? ஆத்துல கீத்துல வுழுந்துட்டியோன்னு..."

என் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீயும் போயிட்டா நான் எங்கடி போவேன்?"

நான் கேவிக் கேவி அழுதேன். ரொம்ப வலிக்குதா என்று என் காலைப் பிடித்துப் பார்த்தார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? இத்தனை மாதமாகக் காணாமல் போயிருந்த என் புருஷன் வந்துவிட்டார் என்றா சொல்ல முடியும்?

என் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுப்பினார். இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்தபடி மெல்ல நடந்தோம். கொஞ்ச தூரம் போனதும் சாதாரணமாக, நாளைக்கு மழை வரும் என்று சொல்வது போல, "சமம் இல்லன்னு அந்த லெட்டர் வந்தது பாரு, அன்னிக்கி நான் இங்கதான் வந்தேன். ரொம்ப நேரம் நின்னேன்" என்றார்.

நான் எதுவும் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிப் பார்க்கவும் இல்லை. தோளை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். (திங்கட்கிழமை டாக்டரிடமும் இதைச் சொல்ல வைத்தேன். ஃபைன் சொல்லவில்லை. அன்றைக்கு டாக்டர் எங்களோடு வெகுநேரம் உட்கார்ந்தார்.)

அப்புறம் அவருக்கு வாய் நிற்கவில்லை. ஜோன் ஊருக்குப் போனால் சொல்லிவிட்டுப் போகக் கூடாதா? பாதையில் இலையைக் கூட்டாமல் என்ன முனிசிபாலிட்டி நடத்துகிறார்கள்? சிலபஸ் கேட்டவன் வீட்டில் கரையான் புக. இந்த ஷூ என்ன ஷூ. வீட்டுக் கதவை நீ ஏன் எப்போதும் டமால் என்று சாத்துகிறாய், எத்தனை நாளாகச் சொல்ல நினைத்தேன் தெரியுமா? ஆற்றை, பனியை, தேசத்தை, என்னை, ஒன்று விடாமல் திட்டிக்கொண்டே வந்தார்.

பாதி வழியிலேயே கால் வலி குறைந்துவிட்டது, அக்கா. இருந்தாலும் நான் நொண்டிக்கொண்டேதான் நடந்தேன், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக.